மழைக்காலத்தில் பூரான் ஏன் வீட்டுக்குள் வருகிறது?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு பூரான் பேச்சுதான். குளியலறை மூலையில் ஒன்று, கால்மிதிக்கு அடியில் ஒன்று, காயாத துணிக்குள் ஒன்று. சரியாகக் கூட்டிப் பெருக்கவில்லை என்று வீட்டில் யாராவது ஒருவர் திட்டும் வாங்குவார். பாவம், அவருக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பூரானை உள்ளே அனுப்புவது அதன் தோலும் மூச்சுத்துளைகளும்தான். அந்த உடம்பைப் புரிந்துகொண்டால், அது எப்போது எங்கே இருக்கும், உலகில் எந்த எந்த நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதலில் எந்தப் பூரான் என்று சொல்லிவிடுகிறேன். பூரான்களில் உலகம் முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தமிழகச் சமவெளியில் நாம் அடிக்கடி பார்க்கும் பெரிய பூரான்களில் முக்கியமானது ஸ்கோலோபெண்ட்ரா மார்சிட்டன்ஸ். விரல் நீளத்திலிருந்து 13 சென்டிமீட்டர் வரை வளரும். மஞ்சளும் பழுப்புமான உடம்பு, ஒவ்வொரு முதுகுத் தகட்டின் பின்விளிம்பிலும் கரும்பட்டை, பல நேரம் தலை மட்டும் செம்பழுப்பு. இன்னும் பெரிதாக, சிவந்து இருந்தால் கிராமத்தில் செய்யான் என்பார்கள். 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டிய அதே நூலில் இதற்கும் பெயர் வைத்துவிட்டார். ஸ்கோலோபெண்ட்ரா பேரினத்துக்கே, அதாவது நெருங்கிய இனங்களின் அந்தக் கூட்டத்துக்கே, அடையாளமாக வைத்த மாதிரி இனம் இதுதான்.

இனி தோல். கரப்பான், எறும்பு போன்ற பூச்சிகளின் ஓட்டுக்கு மேலே மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடம்பின் ஈரம் வெளியே போகாமல் காப்பது அதுதான். சித்திரை வெயிலிலும் எறும்பு வேலைக்குப் போக முடிவதற்குக் காரணம் இந்தப் பூச்சு. பூரானுக்கு அந்தப் பாதுகாப்பு மிகவும் பலவீனம். ஓடு கெட்டியாகத்தான் தெரியும், ஆனால் அதன் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

இதோடு மூச்சுத்துளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்சிட்டன்ஸுக்கு உடம்பின் இரு பக்கங்களிலும் ஒன்பது ஜோடித் துளைகள். எல்லாக் கணுவிலும் இருக்காது; 3, 5, 8, 10, 12, 14, 16, 18, 20 ஆகிய கணுக்களில் மட்டும். முதுகுத் தகடுகளில் நெட்டை, குட்டை என்று மாறி மாறி வரும் ஒரு ஒழுங்கு உண்டு. துளைகள் அமைந்திருப்பது நெட்டைக் கணுக்களில். ஏழாவதும் நெட்டைக் கணுதான், ஆனால் இந்தப் பேரினத்தில் அதில் துளை கிடையாது. இதே ஊரில் வாழும் ரைசிடா என்ற சற்று மெலிந்த பூரானுக்கு அந்த ஏழாவதிலும் துளை இருக்கும், ஆக மொத்தம் பத்து ஜோடி. துளையின் வடிவமும் வேறு: மார்சிட்டன்ஸுக்கு முக்கோணம், ரைசிடாவுக்கு வட்டம் அல்லது முட்டை வடிவம். பூரான் ஆய்வாளர்கள் கையில் எடுத்ததும் பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். பூச்சிகளில் பல தங்கள் மூச்சுத்துளைகளைத் தசையால் இறுக மூடிக்கொள்ளும். பூரானால் அது முடியாது. துளைக்குள் சிறு மடல்கள் இருக்கின்றன, மண்ணும் தூசும் உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும், அவ்வளவுதான். மூச்சு விடும்போதெல்லாம் ஈரம் போகும்.

ஆகவே பூரானுக்கு வெயிலும் ஆகாது, வெள்ளமும் ஆகாது. காய்ந்த இடத்தில் உடம்பு வற்றிவிடும். நீர் நிரம்பிய பொந்தில் மூச்சு முட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே ஈரம் கசியும் ஆனால் தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். நம் வட்டாரத்தில் அப்படிப்பட்ட இடங்கள் எவை என்று யோசித்தால் பட்டியல் நீளும்: முந்திரித் தோப்பின் சருகு, மக்கிய தென்னை அடிக்கட்டை, செங்கல் அடுக்கு, விறகுக் கட்டு, பூந்தொட்டியின் அடிப்பக்கம், கீற்றுக் கொட்டகையின் பழைய மட்டை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்குபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சருகைக் கையால் அள்ள மாட்டார்கள், குச்சியால் விலக்கிவிட்டுத்தான் கொட்டையை எடுப்பார்கள்.

மண்ணும் இதில் சேர்த்தி. கடலூருக்குத் தெற்கே கேப்பர் மலை, புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் மேடு இரண்டும் செம்மண் பூமி. நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று ஊர்ப் பெயராலேயே அழைக்கும் பாறைத் தொகுதி அடியில் இருக்கிறது. மழைநீர் அங்கே வடிந்துவிடும், வெடிப்புகளிலும் வேர்ச் சந்துகளிலும் ஈரம் நிற்கும். பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வடகிழக்குப் பருவமழை நான்கு நாள் விடாமல் பெய்தால் பொந்துகள் எல்லாம் நிரம்பிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரை ஊர்களை மூழ்கடித்தது. மனிதர்களே மாடிக்கு ஏறிய நேரத்தில் பூரான் என்ன செய்யும்? அதுவும் மேட்டைத் தேடும். அந்த மேடு நம் வீட்டுத் தரை. தண்ணீர் போகும் குழாய், கதவின் அடி இடுக்கு, சுவரின் விரிசல் எல்லாம் அதற்கு வழி. வந்த இடத்தில் கரப்பானும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், சாப்பாட்டோடு கூடிய முகாம்.

வந்ததைக் கொல்ல ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டுகிறவர்கள் உண்டு. தண்ணீர் போகும் ஓட்டைக்குச் சல்லடை போட்டு, கதவடியில் ரப்பர் பட்டி வைத்தால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும் என்பது என் கணக்கு. பூரானின் உடம்பு மேலும் கீழும் தட்டையானது. அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் நுழைய முடியாத இடுக்கில்கூட அது நுழைந்துவிடும். ஆகவே சல்லடைக் கண் எவ்வளவு சிறிது என்பதுதான் முக்கியம்.

செத்த பூரான் ஒன்று கிடைத்தால் தூக்கி எறியும் முன் வெள்ளைத் தாளில் மல்லாத்திப் போட்டு, ஒரு லென்ஸ் வைத்துத் தலைப் பகுதியைப் பாருங்கள். இரண்டு உணர்கொம்புகள் முதலில் தெரியும். ஒவ்வொன்றிலும் 17 முதல் 23 வரை கண்ணிகள். அடியில் உள்ள ஐந்தாறு கண்ணிகள் வழவழவென்று மின்னும், அதற்கு மேல் மெல்லிய மயிர் அடர்ந்திருக்கும். தலையின் இரு பக்கமும் நான்கு நான்காக எட்டுச் சிறு கண்கள், கருத்த புள்ளிகளாக. வெளிச்சமா இருட்டா என்று அறிய அவை போதும், அதற்கு மேல் பெரிதாகப் பயன்படாது. பூரான் உலகத்தை அறிவது உணர்கொம்பால் தடவித் தடவித்தான்.

கீழ்ப்பக்கம்தான் ஆச்சரியம். வாயை மறைத்துக்கொண்டு இரண்டு கனத்த கொடுக்குகள் பாக்குவெட்டியின் கைப்பிடிகளாக எதிரெதிரே வளைந்து நிற்கும். நுனி கறுத்துக் கூராக இருக்கும், அதன் அருகே நஞ்சு வெளியேறும் துளை. நஞ்சுச் சுரப்பி அந்தக் கொடுக்குக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கொடுக்குகளுக்கும் நடுவில் பல் பதித்த இரு சிறு தகடுகள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், மார்சிட்டன்ஸில் பெரும்பாலும் தகட்டுக்கு ஐந்து பல். நாம் பல் என்றும் கொடுக்கு என்றும் சொல்லும் இந்த உறுப்பு உண்மையில் உடம்பின் முதல் ஜோடிக் கால்! நடக்க வேண்டிய கால் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நஞ்சு செலுத்தும் கருவியாக மாறிவிட்டது. காலை நஞ்சுக் கருவியாக மாற்றிக்கொண்ட இன்னொரு கூட்டத்தை விலங்குலகில் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, பூரானுக்கு ஒவ்வொரு காலிலும் விஷம் என்று. அது மேலே ஊர்ந்து போன தடத்தில் சிவந்து எரிந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கால் நுனிகள் கூரானவை, தோலைக் கீறும் என்பது சரிதான். ஆனால் நஞ்சுச் சுரப்பி இருப்பது அந்த முதல் ஜோடியில் மட்டும்.

மீதிக் கால்கள் 21 ஜோடி. பூரான்களில் எந்த இனமானாலும் வளர்ந்த பிறகு கால் ஜோடி ஒற்றைப்படையில்தான் இருக்கும். குறைந்தது 15 ஜோடி, அதிகபட்சம் 191. நூறு கால் வேண்டுமென்றால் 50 ஜோடி வேண்டும், அது இரட்டைப்படை. ஆகவே சரியாக நூறு கால் உள்ள பூரான் எங்குமே கிடையாது. ஸ்ட்ரிகாமியா என்ற ஐரோப்பியக் கடற்கரைப் பூரானின் கருவை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, கணுக்கள் கருவிலேயே இரண்டிரண்டாகத் தோன்றுவதைக் காட்டியது. ஒற்றைப்படைக் கணக்குக்கு விளக்கம் அந்த வழியில்தான் தேடப்படுகிறது.

இருபத்தோராவது ஜோடிக்கு நடக்கும் வேலை இல்லை. பின்னால் நீட்டியபடி இழுபடும். இரையைப் பிடிக்கவும், எதிரியைப் பயமுறுத்தவும், பின்பக்கத்தைத் தடவி அறியவும் பயன்படும். எது தலை எது வால் என்று குழம்பிப் போய் வாலைப் பிடித்துக் கடி வாங்கியவர்கள் கதை ஊருக்கு ஒன்று இருக்கும். ஆனால் இனம் காண விரும்புகிறவருக்கு எல்லாத் தகவலும் இந்தக் கடைசிக் காலில்தான் இருக்கிறது. அதன் தொடைப் பகுதியில் வரிசை வரிசையாகச் சிறு முட்கள். அந்த முட்கள் எத்தனை, எந்த வரிசையில் என்பதை எண்ணித்தான் மார்சிட்டன்ஸா வேறொன்றா என்று முடிவு செய்வார்கள். ஆண் பெண் வேறுபாடும் இங்கேதான். ஆணின் கடைசிக் கால் மேற்பக்கம் தட்டையாகி, ஓரம் மேடு கட்டியிருக்கும். பெண்ணுக்கு அது உருண்டையாகவே இருக்கும். ஸ்கோலோபெண்ட்ராவில் மற்ற பல இனங்களில் வெளித்தோற்றத்தை வைத்து ஆணையும் பெண்ணையும் பிரிப்பது பெரும்பாடு; மார்சிட்டன்ஸ் அந்த வகையில் நமக்கு நல்லது செய்திருக்கிறது.

நிறத்தை நம்பிப் பெயர் வைத்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. மார்சிட்டன்ஸ் இடத்துக்கு இடம் நிறம் மாறும். ஓரிடத்தில் மஞ்சள், இன்னோரிடத்தில் பச்சை கலந்த பழுப்பு, ஆப்பிரிக்காவில் சில இடங்களில் காலில் நீல வளையம். பார்த்தவர்கள் எல்லாம் புது இனம் என்று பெயர் சூட்டினார்கள். பிரேசிலில் 1946-இல் வைக்கப்பட்ட அமேசோனிகா என்ற பெயர் அப்படி வந்ததுதான். இந்தியப் பூரானின் உடலுறுப்புகளை நுணுக்கமாக ஆராய்ந்த பி. எஸ். ஜாங்கியின் 1950-களின் கட்டுரைகளில்கூட அந்தப் பெயர்தான் இருக்கும். அமேசானைப் பார்த்தே இராத பூரானுக்கு அமேசான் பெயர். பிறகு எல்லாம் ஒரே இனம் என்று முடிவாகி, லின்னேயஸ் வைத்த பழைய பெயரே நிலைத்தது.

இப்போது வரைபடத்துக்கு வரலாம். மார்சிட்டன்ஸ் ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா என்று வெப்பமண்டலம் முழுக்க விரிந்திருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் உண்டு, அங்கெல்லாம் மனிதரோடு போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. இவ்வளவு இடத்துக்கு எப்படிப் போனது? தோல் ஈரத்தைக் கசியவிடும் என்று சொன்னேன். அந்தக் குறை எல்லாப் பூரானுக்கும் பொது. ஆனால் தன் உறவினர்களோடு ஒப்பிட்டால் மார்சிட்டன்ஸ் வறட்சியைக் கூடுதலாகத் தாங்கும். புல்வெளியிலும் அரைப்பாலையிலும்கூட, பகலில் கல்லுக்கடியில் ஒளிந்து இரவில் மட்டும் நடமாடிக் காலம் தள்ளிவிடும். விறகிலோ, செடியின் வேர்மண்ணிலோ ஒளிந்துகொண்டால் நீண்ட பயணத்தைத் தாங்கும். இணை சேர்ந்த பெண் ஆணின் விந்தை உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஒரே ஒரு பெண் போய் இறங்கினாலும் போதும்.

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 1853 முதல் மேற்கிந்தியத் தீவுகளான மார்டினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போயின. ஆட்களோடு அரிசி மூட்டையும் விறகும் போயிருக்கும். நம்மூர்ப் பூரான் அதில் ஏறியது என்று சான்று காட்ட முடியாது. ஏறாமல் தடுக்க யாரும் அங்கே நின்றிருக்கவும் மாட்டார்கள்.

எல்லாப் பூரானும் இப்படி ஊர் சுற்றி இல்லை. டிஜிட்டிபீஸ் என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அதன் இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளை விட்டு நகர்வதில்லை. ஆய்வாளர்கள் ஜாஹ்னவி ஜோஷியும் பிரவீண் காரந்தும் 2011-இலிருந்து வெளியிட்ட மரபணு ஆய்வுகள் தென்னிந்தியப் பூரான் குலங்களின் பிரிவை டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலம் வரை பின்னோக்கிக் கொண்டுபோகின்றன. தக்காணம் எரிமலைக் குழம்பில் மூழ்கிக் கிடந்த காலத்தில் மலைத்தொடரின் தென்கோடி அவற்றுக்குப் புகலிடமாக இருந்திருக்கலாம் என்பதையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். ஆனைமலையின் ஒரு டிஜிட்டிபீஸுக்குக் கடலூர்க் கடற்கரை தூரம் என்னவோ சில நூறு கிலோமீட்டர்தான். நடுவே கிடக்கும் காய்ந்த சமவெளி அதற்குக் கடக்க முடியாத தடை. பக்கத்து மாவட்டத்துக்கு வர முடியாத பூரானும், கடல் தாண்டிக் கரீபியன் போன பூரானும் உறவுக்காரர்கள்.

வரைபடங்களைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். புள்ளி விழுந்திருக்கும் இடமெல்லாம் யாரோ ஒருவர் கல்லைப் புரட்டிய இடம். மலைக் காட்டுக்கு ஆய்வாளர்கள் போகும் அளவுக்கு முந்திரித் தோப்புக்கு யாரும் போவதில்லை, அதனால் சமவெளியில் புள்ளிகள் எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

மக்கிய கட்டையைப் புரட்டினால் சில நேரம் சுருண்டு கிடக்கும் ஒரு பூரான் ஓடாமல் அப்படியே இருக்கும். அது முட்டை காக்கும் தாய். வயிற்றுப்பக்கம் உள்ளே இருக்க, கால்களுக்கு நடுவில் மஞ்சள் முட்டைக் குவியலைத் தரையில் படாமல் தாங்கிக்கொண்டிருக்கும். பூஞ்சை பிடிக்காமலிருக்க அடிக்கடி வாயால் வருடிவிடும். வாரக்கணக்கில் இரை தேடாது. அதிகம் தொந்தரவு செய்தால் தன் முட்டையைத் தானே தின்றும் விடும், ஆகவே கட்டையைப் பழையபடி வைத்துவிடுவது நல்லது. குஞ்சுகள் பொரியும்போதே 21 ஜோடிக் கால் முழுதாக இருக்கும். குளியலறைச் சுவரில் மின்னலாக ஓடும் நீளக் கால் பூரானுக்கு இப்படி இல்லை. அதன் குஞ்சு சில ஜோடிகளோடு பிறந்து, தோலுரிக்கும்போதெல்லாம் கால் கூட்டிக்கொண்டே போய் 15 ஜோடியில் நிறுத்தும்.

மழை இரவில் தரையில் பச்சையாக ஒளிரும் மெல்லிய பூரானைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. அது ஆர்ஃப்னேயஸ் பிரெவிலாபியேட்டஸ். தொந்தரவு செய்தால் வயிற்றுப்பக்கச் சுரப்பிகளிலிருந்து ஒளிரும் பசையை விடும், அந்த ஒளி அது போன தடத்திலும் சற்று நேரம் தெரியும். மனிதரைக் கடித்துக் காயப்படுத்தும் அளவுக்கு அதன் கொடுக்கு பெரிதில்லை. மரவட்டையைச் சிலர் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது கணுவுக்கு இரண்டு ஜோடிக் கால் உள்ள, மக்கிய இலை தின்னும் சாது.

மார்சிட்டன்ஸ் கடித்தால் வலி கடுமையாக இருக்கும். இரண்டு கொடுக்கும் பதிவதால் அருகருகே இரு புள்ளிகள் தெரியும், சுற்றிலும் சிவந்து வீங்கும். பூரான் நஞ்சில் செரோட்டோனின், ஹிஸ்டமின் போன்ற வலியும் வீக்கமும் உண்டாக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. சீனச் செந்தலைப் பூரானின் நஞ்சில் 2015-இல் கண்டறிந்த ஒரு புரதம், மிளகாயின் காரத்தையும் சூட்டையும் உணரும் அதே நரம்பு வாயிலைத் திறந்துவிடுகிறது. கடித்த இடம் தீப்பட்டதாக எரிவதன் சூட்சுமம் அதில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளில் சரியாகிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரிலோ, இல்லை ஐஸ் ஒத்தடத்திலோ வைத்தால் வலி குறையும். கீறி ரத்தம் எடுப்பதும் கயிறு கட்டுவதும் வேண்டாம். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், மயக்கம் வந்தால் அது ஒவ்வாமை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறு குழந்தைகளைக் கடித்தாலும் காத்திருக்கக் கூடாது. காதுக்குள் பூரான் போய்விட்டால் ஊக்கையோ குச்சியையோ விட்டு நோண்டினால் செவிப்பறை கிழியும். காது மருத்துவர் எடுக்கட்டும்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. கடித்த பூச்சியைப் பார்க்காமலே, உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடித்து அரித்தால் பூராங்கடி, காணாக்கடி என்று சொல்லி மாதக்கணக்கில் பத்தியம் இருப்பார்கள். பூரான் கடித்தால் கடித்த இடத்தில்தான் வீங்கும், அந்த நொடியே தெரியும், தூக்கத்தில் இருந்தவரும் அலறி எழுந்துவிடுவார். வலியே இல்லாமல் இடம் மாறி மாறி வந்து மறையும் தடிப்பு பெரும்பாலும் ஒவ்வாமை. அதற்குக் காரணம் தேட வேண்டிய இடம் சாப்பாடு, மாத்திரை, தொற்று இவற்றில்.